பல்கலைக்கழக ஆசிரியர்க்கும் கற்பித்தல் உதவியாளர்க்குமான பயிலரங்குகள்: உரை கேட்டலும் உரைத்துப் பழகலும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி ஆசிரியர் பணிக்குக் கல்வியியல் பட்டமோ பட்டயமோ கட்டாயத் தகுதியாக உள்ளது. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு அத்தகைய முன்பயிற்சி வேண்டப்படவில்லை. இவ்விடைவெளியை நிரப்பப் பணியிடைப் பயிற்சிகளும் பயிலரங்குகளும் நடத்தப்பெற்று வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வு மாணவர்களையும் கற்பித்தல் பயிற்சியின் வரம்புக்குள் கொணர்ந்துள்ளன. இக்கட்டுரை கற்பித்தல் மேம்பாட்டுப் பயிலரங்குகள் இந்தியாவில் உருப்பெற்ற வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவற்றின் பயன் குறித்த ஆய்வு முடிவுகளை எடுத்துக்காட்டி, சிறுகுழுவில் கற்பித்துப் பழகும் முறை தமிழ்த்துறைகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் பகுப்பு இம்முறைக்கு அரணாக அமைதலும் சுட்டப்பெறுகிறது.

திறவுச் சொற்கள்

கற்பித்தல் மேம்பாடு, பயிலரங்கு, நுண்ணிலைக் கற்பித்தல், கற்பித்தல் உதவியாளர், புத்தொளிப் பயிற்சி, நன்னூல், பகுதி ஒன்று தமிழ்.

1. முன்னுரை

சிற்றிலக்கியத்திலோ கல்வெட்டியலிலோ ஐந்தாண்டுகள் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் கல்லூரிப் பணியில் சேர்கிறார். முதற் பருவத்தில் அவருக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அவர் ஆய்ந்த துறை அன்று. இயற்பியலோ வணிகவியலோ முதன்மைப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கான ‘பகுதி ஒன்று தமிழ்’ வகுப்பாகும். அவ்வகுப்பில் தமிழ்வழிப் பயின்றோரும் ஆங்கிலவழிப் பயின்றோரும் அருகருகே அமர்ந்திருப்பர். இவர்களுக்கு ஒரு சங்கப் பாடலை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது, புணர்ச்சி விதியை எவ்வாறு விளங்கவைப்பது, விடைத்தாளில் காணும் பிழையை எவ்வாறு திருத்துவது ஆகியன அவருடைய ஆய்வேட்டில் இடம்பெற்ற வினாக்கள் அல்ல. தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியரை நினைவிற்கொண்டு அவ்வழியே அவர் நடத்தத் தொடங்குகிறார். நல்லாசிரியர் வாய்த்திருந்தால் நன்று. வாய்க்காதிருந்தால் குறை தலைமுறை கடந்து தொடர்கிறது.

பணித் தகுதிக்கான தேர்வும் இக்குறையைப் போக்குவதில்லை. தேசியத் தகுதித் தேர்வின் முதல் தாளில் உள்ள 50 வினாக்களுள் கற்பித்தல் திறன் என்னும் அலகுக்கு உரியவை 5. இரு தாள்களுக்குமான 300 மதிப்பெண்ணில் இவற்றின் பங்கு 10. அவ்வைந்து வினாக்களும் கற்பித்தல் பற்றிய அறிவையே சோதிக்கின்றன. கற்பிக்கும் திறனைச் சோதிப்பதில்லை. எனவே பணியில் சேர்ந்த பின்னர் வழங்கப்பெறும் பயிற்சியே பெரும்பாலோர்க்கு முதல் பயிற்சியாகிறது. அப்பயிற்சி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் மையப்பொருள்.

2. இந்தியாவில் கற்பித்தல் பயிற்சியின் வளர்ச்சி

விடுதலைக்குப் பின் அமைந்த முதற் பெருங்குழுவாகிய பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), இராதாகிருஷ்ணன் தலைமையில், விடுமுறைக்காலப் புத்தொளிப் பயிற்சிகளைப் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை உயர்நிலைப்பள்ளி ஆசிரியரையும் இடைநிலைக் கல்லூரி ஆசிரியரையும் கருதியது. கோத்தாரி குழு (1964–66) புதிதாகப் பணியேற்கும் விரிவுரையாளர்க்கு முறையான அறிமுகப் பயிற்சி வேண்டும் என்றது. இவ்விரு பரிந்துரைகளும் நாடளாவிய நிலையான அமைப்பாக உருப்பெறுவதற்கு 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வரை காத்திருக்க நேர்ந்தது.

அக்கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்விசார் பணியாளர் கல்லூரிகளைத் தோற்றுவித்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை செயற்பட்டன. பணியில் புதிதாகச் சேர்ந்தோர்க்கு ‘ஓரியண்டேஷன்’ எனப்படும் அறிமுகப் பயிற்சி நான்கு வாரம், பாடத்துறை சார்ந்த புத்தொளிப் பயிற்சி மூன்று வாரம் என வகுக்கப்பெற்றது. முன்னது 24 வேலை நாட்களில் 144 மணி நேரமும், பின்னது 18 வேலை நாட்களில் 108 மணி நேரமும் கொண்டதாகப் பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக்கால நெறிமுறைகளில் வரையறுக்கப்பட்டது. பின்னர் இக்கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறின. 2018இல் ‘ஸ்வயம்’ தளத்தின் வழியே இணையவழிப் புத்தொளிப் பயிற்சிகளும் அறிமுகமாயின. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, 111 மையங்கள் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

இவ்வளர்ச்சியில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, பயிற்சி பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டமை. 2018ஆம் ஆண்டு மானியக் குழு நெறிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்கு உயர 21 நாள் அறிமுகப் பயிற்சி முடித்திருத்தல் வேண்டும். அதனொடு புத்தொளிப் பயிற்சி, ஆய்வு முறையியல் பயிலரங்கு முதலியவற்றுள் ஒன்றும் வேண்டப்படுகிறது. இப்பிணைப்பு பங்கேற்பை உறுதி செய்தது. அதேவேளையில், பயிற்சியின் பயன் வகுப்பறையில் தேடப்படாமல் சான்றிதழில் தேடப்படும் நிலையையும் உருவாக்கியது. பணி உயர்வுக் கோப்பில் கேட்கப்படுவது பங்கேற்றமைக்கான சான்றே. பங்கேற்ற பின் வகுப்பு எவ்வாறு மாறியது என்னும் வினா அக்கோப்பில் இல்லை.

இரண்டாவது, பயிற்சியின் எல்லை. இவ்வமைப்பு முதன்மையாக நிலையான பணியில் உள்ளோர்க்கு உரியதாகவே வளர்ந்தது. தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்கள் மூன்று கல்வியாண்டுகள் பணியாற்றிய பின்னரே பங்கேற்கலாம் என்று மேற்கூறிய நெறிமுறைகள் வகுத்தன. பயிற்சி மிகுதியும் வேண்டப்படுவது முதல் மூன்று ஆண்டுகளில் என்பதை நோக்க, இவ்வரையறையின் முரண் புலப்படும். தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் கணிசமான வகுப்புகளைத் தாங்குவதால், இம்முரணின் விளைவு மாணவரையே சென்றடைகிறது.

3. கற்பித்தல் உதவியாளராக ஆய்வு மாணவர்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முனைவர் பட்ட மாணவர் அனைவரும் தம் பாடத்துறையைக் கற்பித்தல், எழுதுதல் ஆகியன குறித்த தாள்களைப் பயில வேண்டும் என்றும், உதவியாளர் பணி முதலியவற்றின் வாயிலாகக் குறிப்பிட்ட நேரம் கற்பித்தல் பட்டறிவு பெற வேண்டும் என்றும் கூறியது. 2022 நவம்பரில் வெளியான மானியக் குழுவின் முனைவர் பட்ட நெறிமுறைகள் இக்கருத்தை விதியாக்கின. எப்பாடத்துறையினராயினும் ஆய்வுக் காலத்தில் கற்பித்தல் பயிற்சி பெறல் வேண்டும். வாரந்தோறும் 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்தலாம் என்பது அவ்விதியின் சாரம்.

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது புதிதன்று. பெருவகுப்பில் பேராசிரியர் விரிவுரையாற்ற, சிறு குழுக்களில் விவாதத்தை நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் ஆய்வு மாணவர் பணியாக அங்கு நெடுங்காலமாக உள்ளது. அவர்களையும் ஆசிரியரையும் பயிற்றுவிக்கத் தனி மையங்கள் தோன்றின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் நிறுவப்பட்ட கற்றல், கற்பித்தல் ஆய்வு மையம் அவற்றுள் முன்னோடி. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1975இல் தொடங்கிய மையம் பின்னர் டெரக் போக் பெயரால் வழங்கலாயிற்று.

இந்தியச் சூழலில் இவ்விதியின் நடைமுறை ஒரு தெளிவை வேண்டி நிற்கிறது. உதவியாளர் பணி என்பது பயிற்சியா, ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்யும் ஏற்பாடா என்பதே அது. ஆய்வு மாணவரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, அவர் கற்பிப்பதை எவரும் காணாமலும் கருத்துரைக்காமலும் இருந்தால், அது உழைப்பைப் பெறுதலேயன்றிப் பயிற்சி அளித்தல் ஆகாது. 4 மணி நேர வகுப்புக்கு ஆயத்தம் செய்யவும் விடைத்தாள் திருத்தவும் ஆகும் நேரத்தையும் கணக்கிட்டால், ஆய்வுக்குரிய வாரத்தில் கணிசமான பகுதி செலவாகிறது. அச்செலவு பயிற்சியாக மாறுவதற்கு முன்னதாக ஒரு பயிலரங்கும், இடையில் நெறியாளரின் பார்வையும், இறுதியில் ஒரு மீள்நோக்கும் தேவை. ஆய்வு மாணவர்க்குக் கற்பித்தல் பயிலரங்கு இன்றியமையாதது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

4. பயிலரங்குகளின் பயன்: ஆய்வுகள் காட்டுவன

கற்பித்தல் பயிற்சியால் பயன் உண்டா என்னும் வினாவுக்குக் கிரகாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்க விடையைத் தந்தது. எட்டு நாடுகளின் 22 பல்கலைக்கழகங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியரையும், பயிற்சி பெறாத புதிய ஆசிரியரையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. பயிற்சி பெற்றோரிடம் மாணவரை மையமாகக் கொள்ளும் அணுகுமுறை வளர்ந்தது. பயிற்சி பெறாதோரிடம் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. சில நிலைகளில் பின்னடைவும் இருந்தது. பட்டறிவு மட்டுமே நல்லாசிரியரை உருவாக்கிவிடும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு இம்முடிவு மாறானது. ஆயினும் இவ்வாய்வில் இடம்பெற்ற பயிற்சிகள் பல மாதங்கள் நீடித்தவை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

குறுகிய காலப் பயிலரங்குகளின் நிலை வேறு. டயான் எபர்ட்-மே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவில் உயிரியல் ஆசிரியர்க்கென நடத்தப்பட்ட பயிலரங்குகளை மதிப்பிட்டது. பங்கேற்றவர்களுள் 89 விழுக்காட்டினர் தம் வகுப்பில் மாணவரை ஈடுபடுத்தும் முறைகளைப் புகுத்தியதாகக் கூறினர். அவர்களுடைய வகுப்புகளின் காணொளிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 75 விழுக்காட்டினர் விரிவுரை சார்ந்த முறையிலேயே கற்பித்தமை தெரியவந்தது. இவ்வாசிரியர் உண்மைக்கு மாறாகக் கூறினர் என்று கொள்ளல் பொருந்தாது. தாம் மாறிவிட்டதாக அவர்கள் உண்மையாகவே நம்பியிருத்தல் கூடும். கருத்தளவில் ஏற்றுக்கொண்ட ஒன்று கைவந்த திறனாக மாறுவதற்கு இடையே உள்ள தொலைவை இவ்விரு எண்களின் வேறுபாடு காட்டுகிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு முடிவு 2019இல் ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் கண்டது. தாமே முயன்று கணக்கிட்டுப் பயின்ற மாணவர் கூடுதலாகக் கற்றிருந்தனர். ஆனால் சரளமான விரிவுரை கேட்டவரே தாம் கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தனர். இம்முடிவு பயிலரங்குகளுக்கும் பொருந்தும். இறுதி நாளில் நிரப்பப்பெறும் கருத்துப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதப்படுவது நல்ல உரையைக் கேட்ட மகிழ்ச்சியின் வெளிப்பாடாகலாம். கற்றலின் சான்றாக அதனைக் கொள்ள இயலாது.

ஆகவே, பயிலரங்கில் உரை கேட்டல் எவ்வளவு, செய்து பழகல் எவ்வளவு, பின்தொடரும் வழிகாட்டல் எவ்வளவு என்பதே பயனைத் தீர்மானிக்கும் வினாவாகிறது.

5. செய்து பழகும் பயிலரங்கின் அமைப்பு

கற்பித்தலைச் சிறு கூறாக்கிப் பழகும் முறை 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோரால் உருவாக்கப்பட்டது. தமிழில் நுண்ணிலைக் கற்பித்தல் என வழங்கும் இது, கல்வியியல் கல்லூரிகளில் பயின்றோர்க்கு நன்கு அறிமுகமானது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வகுத்த வடிவில், கற்பித்தல் 6 நிமிடம், கருத்துரை 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுகருத்துரை 6 என ஒரு சுழற்சி 36 நிமிடத்தில் முடிகிறது. பள்ளி ஆசிரியர்க்கு இவ்வாறு வழங்கப்பெறும் பயிற்சி, கல்லூரி ஆசிரியர்க்கான பயிற்சிகளில் உரிய இடம் பெறாமை வியப்புக்குரியது.

உயர்கல்விக்கு ஏற்ற வடிவம் ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1970களின் இறுதியில் உருவாயிற்று. கற்பித்தல் திறன் பயிலரங்கு எனப்படும் அது, பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழு. மொத்தம் 24 மணி நேரம். ஒவ்வொருவரும் 10 நிமிடப் பாடம் ஒன்றை மும்முறை நடத்துதல் என்பன அதன் அடிப்படைகள். பாடத்தைத் திட்டமிட ஆறு படிகள் கூறப்படுகின்றன: முன்னறிந்ததோடு இணைத்தல், நோக்கத்தை உரைத்தல், முன்னறிவைச் சோதித்தல், மாணவரைப் பங்கேற்கச் செய்தல், அடைவைச் சோதித்தல், தொகுத்துரைத்தல். பாடம் முடிந்ததும் குழுவினர் எழுத்திலும் வாய்மொழியிலும் கருத்துரைப்பர். நடத்தியவர் தம் பாடத்தின் காணொளியையும் காண்பார்.

இம்முறையின் உயிர்நாடி கருத்துரைக்கும் நெறியில் உள்ளது. குழுவினர் நடுவராக அமர்வதில்லை, மாணவராக அமர்கின்றனர். ‘நீங்கள் கரும்பலகையைச் சரியாகப் பயன்படுத்தவில்லை’ என்பது தீர்ப்பு. ‘இரண்டாம் எடுத்துக்காட்டு எழுதப்படாததால் முதலாவதோடு ஒப்பிட என்னால் இயலவில்லை’ என்பது மாணவர் நிலையில் நின்று கூறும் செய்தி. முன்னது மனத்தைச் சுருங்கச் செய்யும்; பின்னது அடுத்த பாடத்தில் திருத்திக்கொள்ள வழிகாட்டும். மூத்த பேராசிரியரும் இளைய ஆய்வு மாணவரும் ஒரே குழுவில் அமரும்போது இந்நெறி மேலும் இன்றியமையாததாகிறது. துறைத்தலைவரிடம் ‘உங்கள் வினா எனக்கு விளங்கவில்லை’ என்று ஆய்வு மாணவர் கூறும் சூழல் தானாக அமையாது. நெறியால் அமைக்கப்பட வேண்டும்.

இம்முறைக்குத் தடையாக எண்ணிக்கை கூறப்படுவது உண்டு. ஆயத்தம், பாடம், எழுத்துக் கருத்துரை, வாய்மொழிக் கருத்துரை ஆகிய அனைத்துக்கும் ஒருவர்க்கு ஏறத்தாழ 40 நிமிடம் எனக் கொண்டால், ஆறு பேர் குழுவில் ஒரு சுற்று 4 மணி நேரத்தில் முடியும்; மூன்று சுற்றுக்கு 12 மணி நேரம் ஆகும். நாற்பது பேரை ஒரே அரங்கில் அமர்த்தினால் ஒரு சுற்றுக்கே 1600 நிமிடம், அதாவது ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும். 108 மணி நேரப் புத்தொளிப் பயிற்சியில் கால் பங்கு ஒரே சுற்றில் கழியும். அந்நாற்பது பேரையே ஏழு குழுக்களாகப் பிரித்து ஒரே வேளையில் நடத்தினால், மூன்று சுற்றும் 12 மணி நேரத்துள் அடங்கும். தேவைப்படுவது கூடுதல் நாட்கள் அல்ல. குழுவுக்கு ஒருவராக ஏழு வழிநடத்துநரும், ஏழு அறைகளுமே. வழிநடத்துநர் புகழ்பெற்ற பேச்சாளராக இருத்தல் வேண்டுவதில்லை; முன்னர் இப்பயிலரங்கில் பங்கேற்றுப் பழகியவராக இருந்தால் போதும்.

6. தமிழ்ப் பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டு

பொதுவான கற்பித்தல் உத்திகளை மட்டும் அறிதல் போதாது. பாட அறிவும் கற்பித்தல் அறிவும் ஒன்றுகூடிய தனித்த அறிவு ஒன்று உண்டு என்பதை லீ ஷுல்மன் 1986இல் எடுத்துரைத்தார். ஒரு பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், எவ்வெடுத்துக்காட்டு அவர்க்கு விளங்கும், எது குழப்பும் என்று அறிதலே அது. தமிழ் இலக்கணத்திலிருந்து ஒரு சான்று இதனை விளக்கும்.

மகர ஈற்றுப் புணர்ச்சியை 10 நிமிடத்தில் கற்பிப்பதாகக் கொள்வோம். வழக்கமான முறையில் நூற்பா முதலில் சொல்லப்படும். அதன் பொருள் விரிக்கப்படும். எடுத்துக்காட்டு இறுதியில் வரும். மாணவர் குறித்துக்கொள்வர், வினா எழாது. மாற்று முறையில் ஆசிரியர் மரவேர், மரக்கிளை, மரவடி ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்கிறார். மூன்றிலும் மகர மெய் கெட்டதை மாணவரே காண்கின்றனர். கெட்ட பின் வல்லினம் வந்த இடத்தில் மிகுந்ததையும், உயிர் வந்த இடத்தில் உடம்படுமெய் தோன்றியதையும், இடையினம் வந்த இடத்தில் மாற்றம் இன்மையையும் அவர்களே வேறுபடுத்துகின்றனர். ‘மரகிளை’ எனப் பிழைபட எழுதுவோர் எந்தப் படியைத் தவறவிட்டனர் என்பது இப்போது ஆசிரியர்க்குத் தெரிகிறது: கெடுதலை அறிந்தனர், மிகுதலை அறியவில்லை.

அடுத்து ‘மரஞ்சாய்ந்தது’ என்பதை ஆசிரியர் எழுதுகிறார். இங்கு மகரம் கெடாமல் ஞகரமாகத் திரிந்தது ஏன் என்னும் வினா எழுகிறது. மரத்தினது கிளை என்பது வேற்றுமை. மரம் சாய்ந்தது என்பது எழுவாய்த் தொடர், அல்வழி. பொருள் உறவு மாறும்போது ஒலி மாற்றமும் வேறுபடுகிறது என்பதை மாணவர் உணர்கின்றனர். வேற்றுமையில் கெடும், அல்வழியில் திரியும் என அவர்கள் விதி வகுத்த நிலையில், ஒருவர் ‘வட்டக்கல்’ என்னும் சொல்லைக் காட்டக்கூடும். வட்டமாகிய கல் என விரியும் இது பண்புத்தொகை, அல்வழியே, ஆயினும் மகரம் கெட்டது. இவ்வினாவை எதிர்பார்த்திருந்த ஆசிரியர் அதனைப் பாடத்தின் அடுத்த படியாக மாற்றுவார். எதிர்பாராதவர் ‘அது விதிவிலக்கு’ என்று கடந்து செல்வார். மாணவர் தாமே வகுத்த விதியின்மீது கொண்ட நம்பிக்கையும் அத்துடன் குலையும்.

நன்னூலை முழுதும் கற்றவர்க்கு ‘வட்டக்கல்’ புதிதன்று. ஆனால் அது வகுப்பில் எப்போது எழும், அப்போது என்ன செய்வது என்பதை நடத்திப் பார்த்தே அறிய இயலும். ஆறு பேர் குழுவில் சக ஆசிரியர் ஒருவர் மாணவராக அமர்ந்து இவ்வினாவை எழுப்பும்போது ஏற்படும் தடுமாற்றம் அங்கேயே திருத்தப்படுகிறது. அறுபது மாணவர் முன் ஏற்பட வேண்டியதில்லை. தமிழ்த்துறைக்கெனத் தனியே பயிலரங்கு வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வேதியியல் ஆசிரியர் இக்குழுவில் இருந்தால் குரல், வேகம், கரும்பலகை ஆகியன குறித்துக் கருத்துரைக்க வல்லார். ‘வட்டக்கல்’ வினாவை எழுப்ப அவரால் இயலாது.

7. நன்னூல் காட்டும் நெறி

கற்பித்தல் குறித்த சிந்தனை தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இயல்போடு ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றையும் இலக்கணத்தின் வாயிலாகவே வைத்துப் பேசுகிறது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறும் அது, ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியவற்றைக் கூறுகிறது.

இவ்வெதிர்மறை உவமைகள் பயிலரங்கின் நோக்கில் சிறப்பானவை. கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட முறையில் வெளிவருவதில்லை. கற்ற வரிசை ஒன்றாகவும் சொல்லும் வரிசை வேறாகவும் அமையும் குழப்பத்தை அது குறிக்கிறது. பஞ்சடைத்த குண்டிகையிலிருந்து பஞ்சு எளிதில் வாராது. சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டும். இவ்விரண்டும் அறிவின்மையைக் குறித்தன அல்ல. குடத்தில் காய் நிறைந்திருக்கிறது. குண்டிகையில் பஞ்சு நிறைந்திருக்கிறது. குறை உள்ளிருப்பதை வெளிக்கொணரும் முறையில் உள்ளது. பாட அறிவுடைமை கற்பித்தல் திறனாகத் தானே மாறிவிடாது என்னும் கருத்தை இவ்வுவமைகள் நுட்பமாகப் புலப்படுத்துகின்றன.

கற்றலின் பகுப்பைக் கூறும் இடம் இன்னும் கருதத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் கற்பவர் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு கால் பங்கு கிட்டும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப் பங்கு நிறைவுறும் என்பது நன்னூலின் கணக்கு. இதனை இன்றைய பயிலரங்கின் நேரப் பங்கீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். வல்லுநர் உரைக்குக் கால் பங்கு, சக ஆசிரியரோடு கலந்துரையாடலுக்குக் கால் பங்கு, ஒவ்வொருவரும் கற்பித்துப் பழகுவதற்குப் பாதி என அமைதல் வேண்டும். காலை முதல் மாலை வரை சிறப்புரைகளால் நிறைந்த நிகழ்ச்சி நிரல், நன்னூலின் கணக்குப்படி, எத்துணைச் சிறந்த உரைஞரைக் கொண்டிருப்பினும் கால் பங்குக்கு மேல் பயன் தாராது. கால், அரை என்னும் அளவுகளை நவீனப் புள்ளியியல் முடிவாகக் கருதல் வேண்டா. எடுத்துரைத்தலுக்குத் தரப்பட்ட முதன்மையே கொள்ளத்தக்கது.

8. தமிழ்த்துறைகளில் செயற்படுத்தும் வழி

மேற்கண்டவற்றை ஒரு துறை தன் எல்லைக்குள்ளேயே செயற்படுத்த இயலும். கல்வியாண்டின் தொடக்கத்தில், ஆய்வு மாணவரும் கௌரவ விரிவுரையாளரும் புதிய உதவிப் பேராசிரியரும் இணைந்த ஆறு பேர் குழுக்களை அமைத்து மூன்று நாள் பயிலரங்கு நடத்தலாம். முதல் சுற்றில் செய்யுள், இரண்டாம் சுற்றில் இலக்கணம், மூன்றாம் சுற்றில் உரைநடை அல்லது மொழிப்பயிற்சி எனப் பாடங்களைப் பகுத்தல், பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திட்டத்தோடு ஒத்துவரும். ஒவ்வொருவரும் தம் 10 நிமிடப் பாடத்தின் நோக்கத்தை ஒரே தொடரில் எழுதிவரச் சொல்லலாம். ‘குறுந்தொகையை அறிமுகப்படுத்துதல்’ என்பது ஆசிரியர் செய்வதைக் கூறுகிறது; ‘பாடலைப் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதை மாணவர் பாடலின் சொற்களைக் கொண்டே நிறுவுதல்’ என்பது மாணவர் செய்வதைக் கூறுகிறது. பின்னது போன்று எழுதப் பழகுதலே திட்டமிடலின் பாதி.

விடைத்தாள் மதிப்பீட்டுக்கும் ஓர் அமர்வு வேண்டும். பெயர் நீக்கிய ஒரே விடையை அறுவரும் தனித்தனியே மதிப்பிட்டு மதிப்பெண்களை ஒப்பிட்டால், வேறுபாடு எங்கே தோன்றுகிறது என்பது வெளிப்படும். பொருள் நயத்துக்கா, சந்திப் பிழையின்மைக்கா, மனப்பாடத்துக்கா மதிப்பெண் என்பது பேசித் தெளிய வேண்டிய ஒன்று. உதவியாளர் மதிப்பிடும் தாள்களால் மாணவரின் தேர்ச்சி பாதிக்கப்படும் என்பதால், இவ்வமர்வு பயிற்சியாக மட்டுமன்றி நேர்மைக்கான காப்பாகவும் அமைகிறது.

பயிலரங்கு மூன்றாம் நாளோடு முடிதல் கூடாது. பருவத்தின் நடுவில் ஒருமுறை, குழுவிலிருந்த ஒருவர் மற்றவர் வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து கண்டதை அவரிடம் மட்டும் கூறலாம். இக்கருத்துரை பணி மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்கப்படாது என்பது முன்னரே உறுதி செய்யப்படல் வேண்டும். மதிப்பீடாக மாறும் என்னும் அச்சம் உள்ளவர் தமக்குக் கைவந்த பாடத்தையே நடத்திக் காட்டுவார். இடறும் இடத்தைக் காட்டமாட்டார். இடறும் இடம் காட்டப்படாத இடத்தில் பயிற்சிக்கு வேலை இல்லை.

9. முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• கற்பித்தல் பயிற்சி குறித்த பரிந்துரைகள் 1948–49 முதல் இருந்துவரினும், நாடளாவிய நிலையான அமைப்பு 1986க்குப் பின்னரே உருப்பெற்றது. பதவி உயர்வோடு அது பிணைக்கப்பட்டமை பங்கேற்பை வளர்த்தது. வகுப்பறை விளைவைக் கேட்கும் வழக்கத்தை வளர்க்கவில்லை.

• 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வு மாணவரைக் கற்பித்தல் உதவியாளராக ஏற்கின்றன. முன்பயிற்சியும் கருத்துரையும் இல்லாத உதவியாளர் பணி பயிற்சி ஆகாது.

• குறுகிய காலப் பயிலரங்குக்குப் பின் ஆசிரியர் கூறும் மாற்றத்துக்கும் வகுப்பில் காணப்படும் மாற்றத்துக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு என்பதை ஆய்வு காட்டுகிறது. ஆதலின் கருத்துப் படிவம் பயிலரங்கின் பயனுக்கு அளவுகோல் ஆகாது.

• ஆறு பேர் குழுவில் 10 நிமிடப் பாடத்தை மும்முறை நடத்திப் பழகுதல், இருக்கும் நேரத்துக்குள்ளேயே இயலும் முறையாகும். பாடம்சார் இடறல்கள் வெளிப்படுவதற்குத் தமிழ்த்துறையினரே ஒருவர்க்கொருவர் மாணவராக அமர்தல் வேண்டும்.

• எடுத்துரைத்தலுக்கு அரைப் பங்கு தரும் நன்னூலின் பகுப்பு, பயிலரங்கின் நிகழ்ச்சி நிரலை வகுக்கத் தக்க நெறியாக அமைகிறது.

நன்னூலைப் பாடமாகச் சொல்லும் துறைகள் அதன் பொதுப்பாயிரத்தைத் தம் நடைமுறைக்கும் உரியதாகக் கொள்ளுமாயின், முதல் வகுப்பில் நுழையும் இளம் ஆசிரியர்க்கும் அவர்முன் அமரும் மாணவர்க்கும் அது ஒருங்கே பயன்தரும்.